புதிய இணையச் சேவைக்கு முதலில் வர வேண்டியவர்கள் யார்?

புதிதாக வந்திருக்கும் ஒரு செயலியைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதைத் தன் கைப்பேசியில் நிறுவிப் பார்க்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். எண்ணைக் கொடுத்துக் கணக்குத் தொடங்குகிறார், கடவுச்சொல் அமைக்கிறார், உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகத் தனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிறார். ஒருவரும் இல்லை. முகப்பில் நிறுவனமே எழுதிவைத்த வரவேற்புச் செய்தி ஒன்றும், முன்பின் தெரியாத யாரோ மூன்று நாளைக்கு முன் போட்ட பதிவு ஒன்றும் கிடக்கின்றன. இரண்டு நிமிடம் அங்குமிங்கும் தட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். கைப்பேசியில் இடம் போதாமல் போகும்போது முதலில் நீக்கப்படுவது அந்தச் செயலிதான். அதன் பிறகு அந்தச் சேவை எவ்வளவு மேம்பட்டாலும், அதன் பெயரைக் கேட்டதும் "அதுவா, பார்த்திருக்கிறேன், ஒன்றும் இல்லை" என்பதே அவருடைய பதிலாக இருக்கும்.

இவரைக் குறை சொல்வதற்கு எதுவும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் பெரும்பாலான விஷயங்களில் இப்படித்தான் நடந்துகொள்கிறோம். புதிய சேவையைத் தொடங்குகிறவர்கள்தான் இதை எளிதில் மறந்துவிடுகிறார்கள். "இது எல்லோருக்கும் பயன்படக்கூடியது, ஆகவே முதல் நாளிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்" என்று எண்ணி, விளம்பரத்துக்குப் பெரும் பணத்தைக் கொட்டி, லட்சக்கணக்கானோரை ஒரே வாரத்தில் அழைத்து வந்துவிடுகிறார்கள். வந்தவர்கள் பார்ப்பதோ, அந்தச் சேவை தன் வாழ்நாளிலேயே மிகவும் பலவீனமாக இருக்கும் தருணத்தை. முதல் பார்வை என்பது ஒவ்வொரு பயனரிடமும் ஒரு முறைதான் கிடைக்கும் என்பதால், அந்த லட்சம் வாய்ப்புகளும் ஒரே வாரத்தில் செலவாகிப் போகின்றன. பெருந்திரளான மக்களிடம் போவதற்கு முன் ஒரு சிறு கூட்டத்தின் மனத்தை வென்றாக வேண்டும் என்று சொல்லப்படுவதன் அடிப்படை இதுவே. அந்தச் சிறு கூட்டத்தை இக்கட்டுரையில் முன்னோடிப் பயனர்கள் என்றும், பெருந்திரளைப் பொதுப் பயனர்கள் என்றும் குறிப்பிடுவோம்.

மக்காச்சோளத்தில் தொடங்கிய ஆய்வு

இந்தப் பாகுபாடு இணையத்தோடு பிறந்தது அன்று. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1928-ஆம் ஆண்டு வாக்கில் கலப்பின மக்காச்சோள விதை உழவர்களுக்குக் கிடைக்கத் தொடங்கியது. பழைய விதையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தரக்கூடியது என்றபோதிலும், உழவர்கள் அதை விழுந்தடித்துக்கொண்டு வாங்கவில்லை. பிரைஸ் ரையன், நீல் கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் அந்த மாநிலத்தின் இரண்டு ஊர்களில் உழவர்களை நேரில் சந்தித்துப் பேசி, 1943-இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த 259 உழவர்களில் இருவரைத் தவிர மற்ற அனைவரும் 1941-க்குள் புதிய விதையை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனால் விதையைப் பற்றிக் கேள்விப்பட்டதற்கும் அதை ஏற்றுக்கொண்டதற்கும் இடையில் சராசரியாக ஒன்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. செய்தியை முதலில் கொண்டுவந்தவர்கள் விற்பனையாளர்கள். மனத்தை மாற்றியவர்களோ அக்கம்பக்கத்து உழவர்கள். முன்கூட்டியே துணிந்த சிலர் நிலத்தின் சிறு பகுதியில் மட்டும் விதைத்துப் பார்த்தார்கள். மற்றவர்கள் அந்த விளைச்சலைத் தம் கண்ணால் பார்த்த பிறகே விதைப் பையைத் தொட்டார்கள்.

அயோவாவிலேயே ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்த சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ், இது போன்ற பல ஆய்வுகளைத் திரட்டி 1962-இல் ஒரு பொதுவான கோட்பாட்டை முன்வைத்தார். புதியதொன்றை ஏற்றுக்கொள்ளும் வேகத்தைக் கொண்டு மக்களை ஐந்து பிரிவுகளாக அவர் வகுத்தார்: புதுமை என்பதற்காகவே முயன்று பார்க்கும் 2.5 விழுக்காட்டினர், அவர்களுக்கு அடுத்து வரும் 13.5 விழுக்காட்டினரான முன்னோடிகள், பிறகு 34 விழுக்காடு வீதம் இரண்டு பெரும்பான்மைப் பிரிவினர், கடைசியாக அசைந்துகொடுக்கும் 16 விழுக்காட்டினர். இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மணி வடிவிலான புள்ளியியல் வளைவைச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்ற கணக்கில் வெட்டியதால் கிடைத்த எண்கள் இவை. ஒவ்வொரு பொருளுக்கும் மக்களை எண்ணிப் பார்த்துக் கண்டவை அல்ல. பயன்படுவது வரிசைதான்: சிலர் பொருளைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள், பலர் அந்தச் சிலரைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு தவறான எண்ணம் ஏற்பட்டுவிடுவதுண்டு. முன்னோடி என்பவர் எப்போதும் புதிய கருவிகளை வாங்கிக் குவிக்கும் இளைஞர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒருவருடைய பிறவிக்குணம் அன்று. நிழற்படம் எடுப்பதையே உயிராகக் கொண்ட ஒருவர் அது தொடர்பான சேவைகளில் எல்லோருக்கும் முன்பாக வந்து நிற்பார். அதே மனிதர் பணம் செலுத்தும் செயலி என்றால், நாலு பேர் பயன்படுத்திப் பார்த்துச் சொல்லட்டும் என்று ஆண்டுக்கணக்கில் ஒதுங்கி இருப்பார். எந்தத் துறையில் ஒருவருக்குத் தேவை மிகக் கூர்மையாக இருக்கிறதோ அந்தத் துறையில்தான் அவர் முன்னோடியாகிறார். ஆகவே ஒரு புதிய சேவை தேட வேண்டியது துணிச்சல்காரர்களை என்பதைவிட, அந்தச் சேவை தீர்க்க முனையும் சிக்கலால் ஏற்கெனவே அல்லல்படுகிறவர்களை என்று சொல்வதே பொருத்தம்.

அரைகுறையைப் பொறுத்துக்கொள்பவர்கள்

எந்தச் சேவையும் முதல் நாளில் முழுமையாக இருப்பதில்லை. பக்கம் மெதுவாகத் திறக்கும், தேடினால் பாதிதான் கிடைக்கும், உதவி கேட்டால் பதில் எழுத ஆள் இருக்கமாட்டார். இவற்றைப் பொறுத்துக்கொண்டு ஒருவர் திரும்பத் திரும்ப வர வேண்டுமானால், அவருக்கு இப்போது இருக்கும் வழி இதைவிட மோசமானதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவரை அடையாளம் காண்பது கடினமன்று. அவர் ஏற்கெனவே தமக்கென்று ஏதோவொரு ஒட்டுவேலையைச் செய்துவைத்திருப்பார்.

ஒரே கோப்பைப் பல கணினிகளிலும் ஒன்றுபோல வைத்திருக்க உதவும் டிராப்பாக்ஸ் தொடங்கப்பட்ட காலத்தை எடுத்துக்கொள்ளலாம். அலுவலகக் கணினியில் இருக்கும் கோப்பு வீட்டுக் கணினியிலும் வேண்டும் என்பவர்கள், அதைத் தமக்குத் தாமே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டார்கள், அல்லது பென் டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். எது கடைசியாகத் திருத்திய பிரதி என்ற குழப்பம் அவர்களுக்கு அன்றாட வேதனை. 2008-ஆம் ஆண்டு தொடக்கத்தில், சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன், நிறுவனர் டிரூ ஹூஸ்டன் அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் சில நிமிடக் காணொளி ஒன்றை, பயனர்கள் செய்தி இணைப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் டிக் என்ற தளத்தில் வெளியிட்டார். அந்தத் தளத்தில் புழங்கிய தொழில்நுட்ப ஆர்வலர்களுக்கு மட்டுமே புரியக்கூடிய கேலிகளை அவர் அதில் ஆங்காங்கே ஒளித்துவைத்திருந்தார். ஒரே இரவில் காத்திருப்போர் பட்டியல் சுமார் 5,000 பேரிலிருந்து 75,000 பேராகப் பெருகியது. பொதுமக்கள் அந்தக் காணொளியைப் பார்த்திருந்தால் கேலியும் புரிந்திருக்காது, கோப்பு ஒத்திசைவு என்பது எதற்காக என்பதும் புரிந்திருக்காது. யாருக்கு வலித்ததோ அவர்களுடைய மொழியிலேயே அது பேசியது.

இவர்கள் இன்னொரு வகையிலும் உதவுகிறார்கள். பிடிக்காவிட்டால் பொதுப் பயனர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார். அவர் ஏன் போனார் என்பதை நிறுவனம் ஊகிக்கத்தான் முடியும். முன்னோடிப் பயனரோ எந்தப் பக்கத்தில் எந்தப் பொத்தானை அழுத்தியபோது என்ன நடந்தது, அதற்குப் பதிலாக என்ன நடந்திருக்க வேண்டும் என்று விரிவாக எழுதி அனுப்புவார், ஏனென்றால் அந்தச் சேவை சரியாக வேண்டும் என்பதில் அவருக்கே அக்கறை இருக்கிறது. காசு கொடுத்தாலும் கிடைக்காத உழைப்பு இது.

ஆள் இல்லாத இடத்தின் சிக்கல்

கோப்பு சேமிப்பது போன்ற சேவைகளைத் தனி ஒருவராகவும் பயன்படுத்தலாம். உரையாடல், கேள்வி பதில், வாங்கல் விற்றல் போன்றவற்றில் நிலைமை வேறு. அங்கே சேவை என்பதே மற்ற பயனர்கள்தான். ஒரே ஒருவர் வைத்திருக்கும் தொலைபேசியால் யாருக்கும் பயனில்லை. இருவர் இருந்தால் ஓர் இணைப்பு சாத்தியம், பத்துப் பேர் இருந்தால் 45, நூறு பேர் இருந்தால் 4,950. ஆட்கள் பத்து மடங்கு கூடும்போது சாத்தியமான தொடர்புகள் நூறு மடங்குக்கும் மேல் கூடுகின்றன. வளர்ந்த வலைப்பின்னலை ஏன் யாராலும் எளிதில் அசைக்க முடிவதில்லை என்பதற்கு இந்தக் கணக்கைக் காட்டுவார்கள். அதே கணக்கு தொடங்குகிறவருக்கு எதிராகவும் வேலை செய்கிறது என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை: ஆட்கள் குறைவாக இருக்கும்போது பயன் மிக மிகக் குறைவு.

ஆனால் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது ஏமாற்றக்கூடியது. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் பத்தாயிரம் பேரில் எவருக்கும் எவரையும் தெரியாது என்றால், அந்தப் பத்தாயிரமும் நடைமுறையில் சுழியம்தான். ஒருவரையொருவர் அறிந்த ஐந்நூறு பேர் அதைவிடப் பெரிய கூட்டம். பச்சை விறகின்மேல் நேரே தீக்குச்சியைப் பிடித்தால் குச்சிதான் எரிந்து முடியும். சுள்ளி வேண்டும், அந்தச் சுள்ளியும் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் தொடங்கப்பட்டபோது ஹார்வர்டு பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி உள்ளவர்கள் மட்டுமே அதில் சேர முடிந்தது. ஒரே மாதத்துக்குள் அங்கே இளநிலை பயிலும் மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சேர்ந்துவிட்டார்கள். அந்த வளாகத்துக்குள் இருந்த ஒரு மாணவருக்கு, வகுப்பில் பக்கத்தில் அமர்ந்தவரைத் தேடினால் அநேகமாகக் கிடைத்துவிடுவார் என்ற நிலை உருவாயிற்று. வெளியுலகுக்கு அது இருப்பதே தெரியாது. உள்ளே இருந்தவர்களுக்கோ அது நிறைந்த இடம். மார்ச் மாதத்தில் ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, யேல் ஆகிய பல்கலைக்கழகங்களுக்கு விரிந்தபோதும் ஒவ்வொரு வளாகத்தையும் தனித்தனியாக நிரப்பும் முறையே தொடர்ந்தது. 2005 செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், அடுத்ததாகச் சில நிறுவனங்களின் பணியாளர்கள் என்று படிப்படியாகச் சென்று, 13 வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்று அறிவிக்கப்பட்டது 2006 செப்டம்பரில்தான்.

இந்தக் கருத்தை நன்கு விளங்கிக்கொள்ள, ஒரே நிறுவனம் ஒரே உத்தியை இரண்டு முறை கையாண்டு இரண்டு வேறு முடிவுகளைக் கண்ட வரலாறு உதவும். கூகுள் நிறுவனம் 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜிமெயிலை அறிவித்தது. முதலில் சுமார் 1,000 பேருக்கு மட்டும் கொடுத்து, அவர்கள் தமக்கு வேண்டியவர்களை அழைக்கலாம் என்று வைத்தது. அப்போது ஹாட்மெயில் 2 மெகாபைட், யாஹூ 4 மெகாபைட் இடம் தந்துகொண்டிருந்தன. ஜிமெயில் தந்தது ஒரு ஜிகாபைட். அஞ்சல்பெட்டி நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பைக் கண்டு சலித்துப்போய், பழைய அஞ்சல்களை உட்கார்ந்து அழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது கைக்கு வந்த புதையல். அழைப்புக்காக முன்பின் தெரியாதவர்களிடம்கூடக் கேட்டார்கள்; ஏலத்தில் விட்டவர்களும் உண்டு. அழைப்பு இல்லாமலே எவரும் சேரலாம் என்ற நிலை 2007 பிப்ரவரியில்தான் வந்தது.

அதே நிறுவனம் 2009-இல் கூகுள் வேவ் என்ற சேவையைக் கொண்டுவந்தது. பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் ஓர் ஆவணத்தை எழுதவும், அதற்குள்ளேயே உரையாடவும் வழிசெய்யும் கருவி அது. தொழில்நுட்ப அளவில் காலத்தை மீறியது என்றே சொல்லலாம். அந்த ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி சுமார் 1,00,000 பேருக்கு அழைப்பு அனுப்பினார்கள். ஜிமெயிலுக்குக் கொடுத்ததைப் போல நூறு மடங்கு. அழைப்பைப் பெற்றவர் உள்ளே போய்ப் பார்த்தால், அவரோடு வேலை செய்யும் ஐந்து பேரில் ஒருவருக்கும் அழைப்பு வந்திருக்கவில்லை. சேர்ந்து எழுதுவதற்கான கருவியில் அவர் தனியாக எழுதிப் பார்த்தார், பிறகு வழக்கமான மின்னஞ்சலுக்கே திரும்பிப் போனார். 2010 மே மாதத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டும் பலனில்லை. ஆகஸ்டு 4-ஆம் தேதி அதன் வளர்ச்சிப் பணியை நிறுத்துவதாகக் கூகுள் அறிவித்தது.

வேறுபாடு எங்கே இருக்கிறது? ஜிமெயில் கணக்கு வைத்திருந்தவர் ஹாட்மெயிலில் இருப்பவருக்கும் யாஹூவில் இருப்பவருக்கும் முதல் நாளிலிருந்தே எழுத முடிந்தது. மின்னஞ்சல் என்ற பழைய பெரிய வலைப்பின்னல் முழுவதும் அவருக்கு வெளியே காத்திருந்தது. ஆகவே ஒருவரை ஒருவராக அழைப்பதில் குறையொன்றும் இல்லை. வேவ் சேவைக்கு அப்படி ஒரு வெளி இல்லை. அங்கே குழுவை முழுதாக அழைத்திருக்க வேண்டும். குழுக்கள் ஒன்றாகப் பணிபுரிவதற்கான ஸ்லாக் 2013-இல் தன் முன்னோட்டப் பதிப்பை வெளியிட்டபோது இதைத்தான் செய்தது. அதை உருவாக்கியவர்கள் முதலில் தங்கள் சொந்த அலுவலகத்திலும், பிறகு நண்பர்களின் நிறுவனங்களிலும் அதைப் பயன்படுத்தச் செய்து, சிறிய குழுவிலிருந்து பெரிய குழுவுக்கு நகர்ந்தார்கள். அழைப்பு முறை என்பதை ஒரு மந்திரமாகப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: யாரை அழைக்கிறோம் என்பதைவிட எந்த அலகாக அழைக்கிறோம் என்பதே பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது.

வாங்குபவர், விற்பவர் என்று இரு தரப்பு உள்ள சேவைகளில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது, ஏனெனில் ஒரு தரப்பு இல்லாமல் மறுதரப்பு வராது. பேபால் இதைத் தற்செயலாகக் கடந்தது. கையடக்கக் கணினிகளுக்கிடையே பணம் அனுப்புவதற்காக உருவாக்கப்பட்ட அந்தச் சேவையை, ஈபே ஏலத் தளத்தில் பொருள் விற்றுக்கொண்டிருந்தவர்கள் தாமாகவே எடுத்துக்கொண்டார்கள். அஞ்சலில் காசோலை வந்து சேரும்வரை பொருளை அனுப்பாமல் காத்திருந்தவர்கள் அவர்கள். தாங்கள் மனத்தில் வைத்திருந்த பயனர்கள் இவர்கள் அல்லர் என்பதால் நிறுவனத்தாருக்கு முதலில் இதில் உற்சாகம் இல்லை. பிறகு விழித்துக்கொண்டு அந்த விற்பனையாளர்களையே மையமாக்கினார்கள். ஒரு விற்பனையாளர் பேபால் வழியாகப் பணம் பெறுவதாகத் தன் பக்கத்தில் எழுதிவைத்தால், அவரிடம் வாங்க வரும் ஒவ்வொருவரும் அதைப் பார்த்தார்கள். 2002-இல் ஈபே அந்த நிறுவனத்தை 150 கோடி டாலருக்கு வாங்கியது.

கட்டுமானத்தில் பங்கு

முன்னோடிகள் வெறுமனே இடத்தை நிரப்புகிறவர்கள் அல்லர். அந்த இடம் எப்படிப்பட்டது என்பதையும் அவர்களே முடிவு செய்கிறார்கள். டுவிட்டர் இதற்குக் கண்கூடான சான்று. ஒருவரை விளித்து எழுதும்போது பெயருக்கு முன்னால் @ குறியிடுவதும், பிறருடைய பதிவை மறுபதிவு செய்வதும் பயனர்கள் தாமே தொடங்கிய பழக்கங்கள். ஒரு தலைப்பைச் சேர்ந்த பதிவுகளைத் திரட்டுவதற்குச் சொல்லின் முன்னால் சதுரக் குறி (#) இடலாம் என்று 2007 ஆகஸ்டில் யோசனை சொன்ன கிறிஸ் மெசினாவும் ஒரு பயனர்தான். நிறுவனம் இவற்றைப் பின்னர்தான் சேவையின் அங்கமாக்கியது. மறுபதிவுக்கான பொத்தான் 2009 நவம்பரில்தான் வந்தது. இன்று ஹேஷ்டேக் இல்லாத சமூக ஊடகத்தை நினைத்துப் பார்ப்பதே கடினம்.

விக்கிப்பீடியாவின் கதையும் இத்தகையதே. அதற்கு முந்தைய இணையக் கலைக்களஞ்சியமான நுபீடியாவில் அறிஞர்கள் எழுதி, ஏழு படிநிலைச் சரிபார்ப்பைக் கடந்தால்தான் கட்டுரை வெளியாகும். முதல் ஓராண்டில் வெளியானவை 21 கட்டுரைகள். 2001 ஜனவரி 15-ஆம் தேதி யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று விக்கிப்பீடியா திறக்கப்பட்டபோது, வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கட்டற்ற மென்பொருள் உலகத்தில் பழகியவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துவதில் அவர்களுக்குக் கூச்சமும் இல்லை, கோபமும் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 20,000 கட்டுரைகள் சேர்ந்தன. நடுநிலையோடு எழுத வேண்டும், சர்ச்சைகளைப் பேச்சுப் பக்கத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பன போன்ற நெறிகள் அந்தச் சிறு கூட்டத்துக்குள் பேசிப் பேசி உறுதிப்பட்டன. பிற்காலத்தில் கோடிக்கணக்கான வாசகர்கள் வந்தபோது, அவர்கள் கண்டது ஒழுங்குள்ள ஓர் இடத்தை. முதல் மாதமே அந்தக் கோடி பேரும் வந்திருந்தால் எந்த நெறியும் வேர்பிடித்திருக்காது என்பது என் எண்ணம்.

இடையில் இருக்கும் பிளவு

முன்னோடிகளை வென்றுவிட்டால் பொதுப் பயனர்கள் தானாகப் பின்தொடர்ந்து வந்துவிடுவார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. தொழில்நுட்பச் சந்தைப்படுத்தல் ஆலோசகர் ஜெஃப்ரி மூர் 1991-இல் வலியுறுத்தியது இதைத்தான்: இரு கூட்டங்களுக்கும் இடையே ஒரு பிளவு இருக்கிறது, பல தயாரிப்புகள் அதில் விழுந்து காணாமல் போகின்றன. முன்னோடி, ஒரு பெரிய மாற்றம் கிடைக்கும் என்றால் இடர்களை ஏற்பார். பொதுப் பயனர் தன் வேலை கெடாமல் கொஞ்சம் எளிதாக வேண்டும் என்று விரும்புகிறவர். தன்னைப் போன்ற இன்னொருவர் பயன்படுத்தி நன்றாக இருக்கிறது என்று சொன்னால்தான் நம்புவார். இங்கேதான் இடியாப்பச் சிக்கல்: முன்னோடியை அவர் தன்னைப் போன்றவராகக் கருதுவதில்லை. "அவருக்கென்ன, எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பவர்" என்று தள்ளிவிடுகிறார்.

எனவே முதலில் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். தேவை கூர்மையாக இருக்க வேண்டும்; அதோடு, அடுத்து வரவேண்டிய கூட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் அந்நியராகத் தெரியக் கூடாது. அதே தொழில், அதே வளாகம், அதே வேலை. ஹார்வர்டு மாணவரைப் பார்த்து யேல் மாணவர் சேர்ந்தார். கல்லூரி மாணவர்களைப் பார்த்து, அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகவிருந்த பள்ளி மாணவர்கள் சேர விரும்பினார்கள். ஒவ்வொரு படியிலும் முந்தைய படியினர் அடுத்தவருக்கு நம்பகமான சாட்சிகளாக இருந்தார்கள். மூர் பரிந்துரைத்ததும் ஏறத்தாழ இதுவே: பத்துத் துறைகளில் பத்துப் பத்துப் பேரைச் சேர்ப்பதைவிட, ஒரே துறையில் நூறு பேரைச் சேர்த்து, அந்தத் துறைக்குள் அது இயல்பான கருவியாகும்வரை நகராமல் இருப்பது.

தவறான முன்னோடிகளைப் பற்றியும் ஒரு சொல். புதியது என்பதற்காகவே வருபவர்கள், அடுத்த புதியது வந்ததும் கிளம்பிவிடுவார்கள். அவர்களுடைய ஆரவாரத்தை வெற்றி என்று எண்ணி, அவர்கள் கேட்ட நுணுக்கமான வசதிகளையெல்லாம் சேர்த்துக்கொண்டே போனால், கடைசியில் சேவை யாருக்கும் புரியாத ஒன்றாகிவிடும். இதைக் கண்டறியக் கணக்குத் தொடங்கியவர்களின் எண்ணிக்கை உதவாது; சில வாரங்கள் கழித்தும் எத்தனை பேர் தாமாகத் திரும்பி வருகிறார்கள் என்பதையே பார்க்க வேண்டும். ஷான் எல்லிஸ் என்ற வளர்ச்சி வல்லுநர் பரவலாக்கிய ஓர் எளிய சோதனையும் உண்டு. இந்தச் சேவை நாளை இல்லாமல் போனால் எப்படி உணர்வீர்கள் என்று பயனர்களிடம் கேட்க வேண்டும். மிகவும் ஏமாற்றமடைவேன் என்பவர்கள் 40 விழுக்காட்டைத் தாண்டினால் அடித்தளம் அமைந்துவிட்டது என்று கொள்ளலாம் என்பது அவர் கணிப்பு. 40 என்ற எண் அனுபவத்தில் வந்ததுதான், விதி அன்று. கேள்வி நல்ல கேள்வி.

விதிவிலக்குகள் போலத் தோன்றுபவை

2023 ஜூலையில் வெளியான திரெட்ஸ் என்ற சிறுபதிவுச் சேவை ஐந்தே நாளில் 10 கோடிப் பேரைச் சேர்த்தது. அதற்கு முன்னோடிகள் எங்கே என்று கேட்கலாம். இன்ஸ்டாகிராம் கணக்கைக் கொண்டே அதில் நுழைய முடிந்தது, அங்கே பின்தொடர்ந்தவர்களை இங்கேயும் கொண்டுவர முடிந்தது. இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் ஐஃபோனில் மட்டும் தொடங்கி, ஆண்ட்ராய்டுக்கு வர 2012 ஏப்ரல்வரை காத்திருந்து சேர்த்த வலைப்பின்னலின் பலனைத் திரெட்ஸ் கடனாகப் பெற்றது. 2022 நவம்பர் 30-ஆம் தேதி வெளியான சாட்ஜிபிடி ஐந்து நாளில் 10 லட்சம் பயனர்களை எட்டியதற்குக் காரணம் வேறு: அதைப் பயன்படுத்த இன்னொரு மனிதர் தேவையில்லை. வேறு யாருமே பயன்படுத்தாவிட்டாலும் அது பதில் சொல்லும். அதன் அடியில் இருந்த மொழி மாதிரி வரிசையையும் 2020-இலிருந்தே நிரலாளர்கள் தங்கள் மென்பொருள்களில் இணைத்துச் சோதித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பணத்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு குவிபி என்ற காணொளிச் சேவை நல்ல எடுத்துக்காட்டு. 175 கோடி டாலர் முதலீட்டோடு, புகழ்பெற்ற நடிகர்களும் இயக்குநர்களும் பங்கேற்ற குறுங்காணொளிகளோடு, 2020 ஏப்ரல் 6-ஆம் தேதி அது பொதுமக்களை நோக்கி நேரடியாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி மூடப்பட்டது. பெருந்தொற்றுக் காலம் ஒரு காரணம், கட்டணம் ஒரு காரணம், தொடக்கத்தில் காட்சிகளைத் திரைப்பிடிப்பு எடுத்துப் பகிரக்கூட முடியாதபடி வைத்திருந்தது இன்னொரு காரணம். எல்லாவற்றுக்கும் அடியில், இது இல்லாமல் என்னால் முடியாது என்று சொல்லக்கூடிய ஒரு சிறு கூட்டம்கூட அதற்கு அமையவில்லை.

எத்தனை பேர் போதும்?

இதற்குப் பொதுவான ஓர் எண் கிடையாது. சேவை முழுமையாக வேலை செய்வதற்குத் தேவையான மிகச்சிறிய கூட்டம் எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வாடகைக் கார் அழைக்கும் சேவைக்கு அது ஒரு நகரம்; ஊபர் 2010-இல் சான் பிரான்சிஸ்கோவில் மட்டும்தான் தொடங்கியது. கேள்வி பதில் தளத்துக்கு அது ஒரு துறை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008-இல் நிரலாளர்களுக்கு மட்டும் என்று தொடங்கியது, அதன் நிறுவனர்கள் இருவரும் நிரலாளர்களிடையே பெரிதும் வாசிக்கப்பட்ட எழுத்தாளர்கள் என்பதால் முதல் நாளிலேயே பதில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அலுவலக உரையாடலுக்கோ ஒரே ஒரு குழு போதும். ஒரு குழுவுக்குள் 2,000 செய்திகள் பரிமாறப்பட்டுவிட்டால் அந்தக் குழு ஸ்லாக்கை உண்மையாகவே முயன்று பார்த்துவிட்டது என்று அந்நிறுவனம் கணித்தது. அந்த எல்லையைத் தாண்டியவர்களில் 93 விழுக்காட்டினர் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். ஐம்பது பேர் கொண்ட ஒரு குழு ஏறத்தாழ பத்து மணி நேர வேலையில் அந்த 2,000 செய்திகளைத் தொட்டுவிடும் என்றும் அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள்.